எஸ்யூ ஹெச்எஸ்4 ரீபில்ட் கிட்: வாங்கினா ஷாஃப்ட்டோட வாங்குங்க

எம்ஜிபி-ங்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோட 1798 சிசி இன்ஜின்ல ஜோடியா உக்காந்திருக்குமே எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர், அதுக்கு ஒரு முழு ரீபில்ட் கிட் வாங்கி, மாட்டி, ட்யூன் பண்ணி ஓட்டிட்டு இருக்கேன். கிட் நல்லா இருக்கு, 5க்கு 4 குடுப்பேன். ஆனா ஒரு விஷயம், இதே மாதிரி டப்பாவுல சின்னதா இன்னொரு கிட்டும் விக்கறாங்க, அதுல கேஸ்கெட், வாஷர், ஃப்ளோட் நீடில் வால்வு (கார்புக்குள்ள பெட்ரோல் மட்டத்த காக்கறது) அவ்ளோதான் இருக்கும், ஐம்பது வருஷம் ஓடின கார்புக்கு அது பத்தவே பத்தாது. நான் சொல்றது த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலரேட்டர மிதிச்சா சுத்தற கம்பி), டிஸ்க் (அந்த கம்பில உக்காந்து காத்து வழிய திறந்து மூடற தட்டு), ஜெட், மீட்டரிங் நீடில் எல்லாம் சேர்ந்து வர்ற பெரிய கிட்.

ஷாஃப்ட்ட ஏன் இவ்ளோ பிடிச்சு தொங்கறேன்னு கேப்பீங்க. எஸ்யூ-ல மத்த கார்ப் மாதிரி ஐடிலுக்கு (வண்டி நிக்க இன்ஜின் மட்டும் ஓடறப்போ) ஒரு ஜெட், மெயினுக்கு ஒரு ஜெட், ஆக்சிலரேட்டர் பம்ப்னு தனித்தனியா ஒண்ணும் கிடையாது. ஒரே ஜெட், 0.090 இன்ச் ஓட்டை, அதுக்குள்ள நுனி சிறுத்துட்டே போற ஒரு நீடில், இன்ஜின் காத்து இழுக்க இழுக்க கார்புக்குள்ள இருக்கிற பிஸ்டன் மேல எழும்பும், கூடவே நீடிலும் எழும்பும், பெட்ரோலுக்கு வழி அகலமாகும். இப்போ த்ராட்டில் ஷாஃப்ட் தேஞ்சு போய் அதோட ஓரத்துல காத்து நுழையுதுன்னு வைங்க, அந்த காத்து பிஸ்டனுக்கு அடியில வராம பின்னாடியே உள்ள போயிடுது, அதுக்கு கணக்கா பெட்ரோல் வராது, மிக்ஸ்சர் லீன் ஆயிடும், அதாவது காத்துக்கு பெட்ரோல் பத்தாது. அதுவும் எல்லா வேகத்துலயும் ஒரே மாதிரி ஆகாது, ஐடில்ல ரொம்ப லீன், த்ராட்டில் திறந்தா கம்மி. ஐடிலுக்கு சரி பண்ணா ஓடும்போது கருப்பா புகையும், ஓடறதுக்கு சரி பண்ணா நின்ன எடத்துல இன்ஜின் ஆஃப் ஆயிடும். எத்தனை தடவை திருகினாலும் பிடிபடாது. கார்ப் சரியில்லன்னு கழட்டி வீசிட்டு வேற கார்ப் மாட்டறவங்கள்ல நிறைய பேருக்கு உண்மையான பிரச்சனை இந்த ஷாஃப்ட்தான்னு நான் அடிச்சு சொல்வேன்.

கிட்ல வர்ற ஷாஃப்ட் நல்ல ஃபினிஷ், ஒரே அளவு, ஆட்டம் இல்ல. ஆனா புது ஷாஃப்ட்ட பாடி ஓட்டைல விட்டு மேலயும் கீழயும் அசைச்சு பாருங்க, அப்பவும் ஆடுச்சுன்னா பாடியே தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்போ லேத் பட்டறைல குடுத்து ரீமர் போட்டு ஓட்டைய பெருசாக்கி புஷ் (உள் வளையம்) அடிச்சே ஆகணும். ரெண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டுல வரணும், இல்லன்னா ஷாஃப்ட் இறுகும், அதனால கை ட்ரில் எல்லாம் வச்சு முயற்சி பண்ணாதீங்க.

டிஸ்க் மாட்டறப்போ ஸ்க்ரூவ லேசா விட்டு, த்ராட்டில ரெண்டு மூணு தடவை டப்புனு மூடுங்க, டிஸ்க் தானா நடுவுல உக்காந்துக்கும், அப்புறம் டைட் பண்ணுங்க. அந்த ஸ்க்ரூ நுனி பிளந்திருக்கும், டைட் பண்ணினதும் அதை ஸ்க்ரூடிரைவர் வச்சு கண்டிப்பா விரிச்சு விடுங்க, கழண்டா நேரா இன்ஜின் உள்ளதான் போகும். சில வருஷத்து வண்டில பழைய டிஸ்க்ல சின்னதா ஸ்பிரிங் வால்வு ஒண்ணு இருக்கும், அந்த ஸ்பிரிங் தளர்ந்தா ஐடில் எறங்கவே எறங்காது. இந்த கிட்ல வர்றது வால்வு இல்லாத டிஸ்க், எனக்கு அதுதான் பிடிச்சுது.

ஜெட் முன் கார்புக்கு ஒண்ணு பின் கார்புக்கு ஒண்ணுன்னு வேற வேற, கிட்ல சரியா பிரிச்சு பாக்கெட் போட்டிருந்தாங்க, சந்தோஷம். ஃப்ளோட் நீடில் நுனி வைட்டான் ரப்பர், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதுதான் தாங்கும். மீட்டரிங் நீடில்ல மட்டும் உஷாரா இருங்க, எம்ஜிபி-லயே நீடில் நம்பர் 5, எஃப்எக்ஸ்னு வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பழைய நீடில் மேல பொறிச்சிருக்கிறதை லென்ஸ் வச்சு படிச்சு, ஒர்க்‌ஷாப் மேனுவலோட ஒத்து பாத்துடுங்க, ஏன்னா முன்னாடி வச்சிருந்தவர் என்னத்த மாட்டினாரோ யாருக்கு தெரியும்.

எனக்கு இந்த வேலைல ரொம்ப பிடிச்சது ஜெட்ட சென்டர் பண்றதுதான். ஃபிக்ஸட் நீடில் கார்ப்ல மட்டும்தான் இது வேணும், ஸ்பிரிங் வச்ச நீடிலுக்கு தேவையில்ல. கார்ப் உச்சில இருக்கிற டேம்பர கழட்டிட்டு, ஜெட் நட்ட (ஜெட்ட ஏத்தி எறக்கறது) முழுசா மேல ஏத்தி, ஜெட்ட பிடிச்சிருக்கிற பேரிங் நட்ட லூஸ் பண்ணி, பிஸ்டன பென்சில் வச்சு மெதுவா கீழ அழுத்திட்டே நட்ட டைட் பண்ணனும். இப்போ பிஸ்டன தூக்கி விட்டா ‘டக்’னு உலோகம் உலோகத்துல மோதற சத்தம் கேக்கணும். ஜெட்ட எறக்கிட்டு மறுபடியும் விட்டா அதே சத்தம் வரணும், மங்கலா கேட்டா நீடில் ஜெட்ல உரசுது, திரும்ப முதல்லேந்து பண்ணுங்க. பொறுமை வேணும், ஆனா அந்த சத்தம் சரியா வந்துச்சுன்னா கார்ப்ல பாதி வேலை முடிஞ்சுது. மேல இருக்கிற குடுவையையும் பிஸ்டனையும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா கடைஞ்சது, ரெண்டு கார்போடதையும் தயவுசெஞ்சு கலந்துடாதீங்க.

ட்யூனிங்னு வந்தா முதல்ல டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட், இக்னிஷன் டைமிங் எல்லாம் முடிச்சுட்டு கடைசியாதான் கார்ப்ல கை வைக்கணும். ஜெட் பிரிட்ஜோட (பிஸ்டனுக்கு கீழ இருக்கிற மேடை) சமமா இருக்கிற எடத்துலேந்து ஜெட் நட்ட 12 ஃப்ளாட் (நட்டோட ஆறு பக்கத்துல ஒரு பக்கம் ஒரு ஃப்ளாட்), அதாவது ரெண்டு முழு சுத்து, எறக்கி ஆரம்பிங்க. இன்ஜின் நல்லா சூடானதும் ரெண்டு கார்பையும் இணைக்கிற கிளாம்ப லூஸ் பண்ணி, ஒரு ரப்பர் டியூப காதுல வச்சு ரெண்டு வாயிலயும் காத்து இழுக்கிற சத்தம் ஒரே மாதிரி வர்ற வரைக்கும் ஐடில் ஸ்க்ரூவ திருப்புங்க. அப்புறம் லிஃப்டிங் பின்ன (பிஸ்டன தூக்கறதுக்கு கார்ப்ல இருக்கிற சின்ன குச்சி) அழுத்தி பிஸ்டன 1/32 இன்ச் அளவுக்கு லேசா தூக்குங்க, ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்னா ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், நட்ட மேல ஏத்துங்க, உடனே விழுந்தா லீன், எறக்குங்க, கொஞ்சூண்டு ஏறிட்டு பழைய எடத்துக்கு வந்தா சரி. ஒரு ஃப்ளாட்டுக்கு மேல ஒரே நேரத்துல திருப்பாதீங்க. டேம்பர்ல எஸ்ஏஈ 20 ஆயில் ஊத்த மறந்தா த்ராட்டில மிதிச்சதும் இன்ஜின் திணறும், பிஸ்டன் படக்குனு எழும்பாம பிடிச்சு வச்சு அந்த நேரத்துக்கு மிக்ஸ்சர ரிச் ஆக்கறது அந்த ஆயில்தான்.

ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா, ஜெட் டியூப் ஃப்ளோட் சேம்பர்ல சேர்ற எடத்துல போடற ரப்பர் வளையம் விறைப்பா இருந்துச்சு, ஒரு கார்ப்ல பெட்ரோல் கசிஞ்சுது, வேற வளையம் தனியா வாங்கி போட்டதும் நின்னுடுச்சு. இந்த இன்ஜின்ல கார்புக்கு நேர் கீழதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அங்க சொட்டுச்சுன்னா விளையாட்டு இல்ல. மாட்டினதும் பம்ப் மட்டும் ஓடவிட்டு அடில விரல் வச்சு தடவி பாருங்க, ஈரம் இருந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க. கூட வர்ற விளக்க பேப்பரும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தாப்ல, படமே தெரியல.

இன்னொண்ணு, 1970கள்ல வந்த வண்டில ஹெச்ஐஎஃப்4 இருக்கலாம், அதுல ஃப்ளோட் சேம்பர் பக்கத்துல தொங்காது, பாடிக்கு அடியிலயே இருக்கும், மிக்ஸ்சருக்கு நட்டு இல்ல, ஸ்க்ரூ. அதுக்கு இந்த கிட் சேராது, தனி கிட் இருக்கு, பானட்ட திறந்து பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க.