சதுரங்கப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை: அம்மாவோடும் மகளோடும் ஐந்து நாள்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டிலிருந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர்தான். 71 வயதாகும் அம்மா அங்கே டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், அதுவும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது. என் மகள் பிறந்து வளர்ந்தது டென்மார்க்கின் கோபன்ஹேகனில். அங்கே கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் பகுதியில், தரங்கம்பாடியோடு வியாபாரம் செய்த ஆசியக் கம்பெனியின் பழைய கட்டடம் இன்றும் தண்ணீர் ஓரமாக நிற்கிறது. அந்த வழியாகத்தான் அவள் சைக்கிளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். இந்த இரண்டு பேரையும் ஒன்றாக அந்தக் கோட்டை வாசலில் நிறுத்த வேண்டும் என்று பல வருட ஆசை. இந்த முறை பொங்கல் கழிந்த மறுவாரம், சென்னையிலிருந்து கடற்கரை ஓரமாகவே ஊர்வரை காரில் போவது என்று முடிவு செய்தோம்.

பொங்கலுக்குப் பிறகு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் மழையும் புயலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. புத்தாண்டு சமயத்தில் புதுச்சேரியில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். தை மாதத்தில் காலை பத்தரை வரைக்கும், மாலை நாலு மணிக்கு மேலும் வயதானவர்களால் நிம்மதியாக நடக்க முடிகிறது.

முதலில் வண்டி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். டாக்சி நிறுவனங்களின் வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் என்று ஒன்று இருக்கிறது. எங்களுக்குச் சொன்னது 250. அன்றைக்கு வண்டி இருபது கிலோமீட்டர் ஓடினாலும் 250-க்குக் காசு கொடுக்க வேண்டும். சென்னையிலிருந்து ஒரே நாளில் திருச்சி போகிறவர்களுக்கு அது சரி. எங்களைப் போல ஊர் ஊராக இறங்கி நின்று பார்க்கிறவர்களுக்கு அது வீண் செலவு. நான் முதலில் பேசிவைத்த நிறுவனம், கிளம்புவதற்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, வண்டி வேண்டுமானால் கூடுதல் பணம் என்றது. தம்பி கோபப்பட்டு ரத்து செய்துவிட்டு, தாம்பரத்தில் அவனுக்குத் தெரிந்த, சொந்த வண்டி ஓட்டும் ஒருவரைக் கூப்பிட்டான். நாளுக்கு 2,500 ரூபாய், டீசலும் சுங்கமும் நம் செலவு என்று பேச்சு. அவர் வண்டியைத் திரும்ப ஓட்டிப்போன டீசலையும் சேர்த்துப் பார்த்தாலும் மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம்.

மஞ்சள் போர்டு வண்டிதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வழியில் புதுச்சேரி ஒரு முறை, காரைக்கால் ஒரு முறை என்று யூனியன் பிரதேசத்துக்குள் போய் வருகிறோம். பர்மிட் முன்னாலேயே எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டால் எல்லையில் வெயிலில் நிற்க வேண்டாம்.

பணம் விஷயத்தில் அம்மாவின் கைப்பேசிதான் எங்கள் பணப்பை. என் டென்மார்க் எண்ணில் யூபிஐ இயங்கவில்லை. இளநீர்க்காரர்கூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார், ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இருப்பதில்லை. நான் அம்மாவின் கணக்கில் பணம் போட்டுவிட்டேன், அம்மா எல்லா இடத்திலும் ஸ்கேன் செய்து கொடுத்தார். பேத்திக்குச் செலவு செய்கிற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. இந்திய சிம் கார்டு ஒன்று முதல் நாளே வாங்கிவிடுங்கள். எதற்கெடுத்தாலும் ஓடிபி கேட்கிறார்கள்.

காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பி, முதல் நிறுத்தம் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை. மாமல்லபுரத்துக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை என்று தோன்றியது. உள்ளே மதிலுக்கு அருகில் கல்லறைகள். கல்லில் கரடுமுரடில்லாமல், இன்றைக்கு வெட்டினதுபோல டச்சு எழுத்துகள். டேனிஷ் மொழிக்கும் டச்சு மொழிக்கும் சொந்தம் உண்டு. மகள் குனிந்து ஒரு கல்லைத் தடவிப் பார்த்து, ‘இங்கே அடக்கம்’ என்று எழுதியிருக்கிறது அம்மாச்சி என்றாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். யார் எவர் என்று தெரியாது, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து கண்ணை மூடியிருக்கிறார்கள் என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கரைக்கு அவர்களை இழுத்தது துணி. நம் நெசவாளர்கள் நெய்த மெல்லிய பருத்தித் துணியையும், சாயமேற்றிப் படம் எழுதிய துணியையும் வாங்கிக்கொண்டு போய், இந்தோனேசியத் தீவுகளில் மிளகுக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றினார்கள். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி அதைத் தலைமையிடமாக வைத்தார்கள். அங்கிருந்து துணி மட்டுமல்ல, பஞ்சத்தில் அடிபட்ட மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். ஆளுநர்களின் பெயர்களைப் படிக்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பழவேற்காடு எங்கள் வழிக்கு எதிர்த்திசை. அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதுதான் முதல் கவலை. வழியில் ஒரு நினைவுச்சின்னத்தில் கழிப்பறை இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த அம்மா, வாங்க என்று தன் வீட்டுக்கே என் அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். அந்த நன்றியை மறக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் மரியாதை யாரோ ஒருவரின் நல்ல மனசை நம்பி இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு பெரிய பெட்ரோல் பங்க், நல்ல ஓட்டல் என்று இடம் குறித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று திட்டத்தையே மாற்றி எழுதினோம்.

புதுச்சேரியில் இரண்டு இரவு. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பக்கம் அறை எடுத்தால் பெட்டிகளை முன்னாலேயே இறக்கிவிடுங்கள். வண்டியில்லாத அந்தச் சாலையில் அம்மா காற்று வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தார். பிரெஞ்சுத் தெருக்களில் படம் எடுக்கிறவர்கள் எக்கச்சக்கம். நாங்கள் முக்கியமாகத் தேடிப் போனது சந்தைப் பக்கம் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்ததையும் சண்டையையும் வம்பையும் விலைவாசியையும் பேச்சுத்தமிழிலேயே எழுதி வைத்தார். இந்தக் கரையின் கதையை நம் கண்ணால் பார்த்துச் சொன்ன ஆள் அவர். வெளியே நின்றுதான் பார்த்தோம். பிரெஞ்சுத் தெருக்கள் உள்ள வெள்ளை நகரத்துக்கு ஓடும் பேட்டரி வண்டிகளும் சுற்றுலாக்காரர்களும் இந்தத் தெருவுக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை.

அங்கேதான் டிரைவர் அண்ணன், நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, தரங்கம்பாடி வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கீங்க. கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு” என்றார். ஆறு மாதமாகக் கோபன்ஹேகனில் உட்கார்ந்து போட்ட திட்டம். தூரத்தையும் நேரத்தையும் பார்த்தேன், விடுமுறை நாளைப் பார்க்கவில்லை. உடனே தரங்கம்பாடித் தங்குமிடத்துக்கு அழைத்து இன்னொரு இரவு கேட்டேன், நல்லவேளையாகக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நாகப்பட்டினம், சனிக்கிழமை கோட்டை என்று மாற்றினோம்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கப் போகும்போது, மேப்பில் குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் பெயர் வந்தது. குண்டு என்றால் பீரங்கிக் குண்டு என்றார். நான் படித்திருந்ததும் அதுதான். 1690-இல் ஆங்கிலேயர்கள் மராட்டியரிடம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நிலமும் உங்களுக்கு என்று ஒப்பந்தம். இருப்பதிலேயே நல்ல பீரங்கியை அவர்கள் கொண்டுவந்து நாலு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டன. அங்கே உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கோட்டையில் இப்போது பார்க்க அதிகம் இல்லை. இந்த ஒரு கதைக்காகவே வண்டியை நிறுத்தி, மகளுக்கு நாலு திசையையும் காட்டிச் சொன்னோம்.

நாங்கள் போனபோது கடலூருக்குத் தெற்கே நான்கு வழிச் சாலை வேலை நடந்த இடங்களில் மாற்றுப்பாதை, தூசி. மேப் காட்டுகிற நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் தரங்கம்பாடி நகர வாயிலுக்குள் நுழைந்தோம்.

வெள்ளிக்கிழமை காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போனோம். 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்து, 1690-இல் தலைமையிடத்தையே இங்கே மாற்றிய ஊர். அவர்களுடைய கோட்டை இன்றைக்கு இல்லை. ராஜராஜன் காலத்தில் இங்கிருந்த பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய், லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்டன. ஆனைமங்கலம் நம் ஊர்ப்பக்கம், பெயர் மட்டும் அந்த ஊருடையது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

சனிக்கிழமை காலை கோட்டை திறந்ததும் உள்ளே போனோம். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, ஓவே கெட்டே என்ற டேனிஷ் தளபதி கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க். 1845-இல் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மகள் டேனிஷ் பெயர்களைச் சரியான உச்சரிப்பில் வாசிக்க, அம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் ராஜா தெருவில், 1718-இல் கட்டிய புதிய ஜெருசலேம் ஆலயத்தில், ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் அடக்கமான இடத்தைப் பார்த்தோம். 1706-இல் வந்து, இங்குள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். கோபன்ஹேகனில் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற என் மகள், மணலில் எழுதிய கதையை இரண்டு தடவை கேட்டாள். மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் போனதும், கடற்கரையில் குந்தி, விரலால் தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.

தகவல் பலகைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். இந்த ஐந்து நாளில் படித்தவற்றில் பெரும்பாலும் யார் ஆண்டார், எந்த வருடம் என்பதுதான். நெசவாளர் எந்தத் தெருவில் இருந்தார், சாயவேர் எங்கிருந்து வந்தது, மூட்டை சுமந்தவர் யார் என்பதையும் எழுதி, தமிழ் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்திருப்பார். நான்தான் ஒவ்வொன்றையும் வாசித்துச் சொன்னேன்.

மதியம் மூன்று மணிக்கு வீட்டு வாசலில் வண்டி நின்றது. அண்ணன் ஐந்து நாள் கணக்கையும் டீசல் ரசீதுகளோடு நோட்டில் எழுதிக் காட்டினார், ஒரு ரூபாய் கூடுதல் இல்லை. அம்மா கைப்பேசியில் பணம் அனுப்பிவிட்டு, சாப்பிட்டுத்தான் போகணும் தம்பி என்று அவருக்கு இலை போட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பின்கட்டில் பேச்சுக்குரல். அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் அடுத்த வாரம் இரண்டு பேருமாகப் பஸ்ஸில் தரங்கம்பாடி போய்வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். “காலைல வெயிலுக்கு முன்னாடி போயிடணும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.”