நாய் மூத்திர வாடைக்கு என்சைம் கிளீனர்: எது காசுக்குத் தகும், எது வீண்

ஒழுங்காக வெளியே போய்ப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தால், செல்லப்பிராணிக் கடையில் நான்கு சாமான்களை எடுத்து வைப்பார்கள்: என்சைம் கிளீனர் (சிறுநீரின் வாடைப் பொருளை உடைக்கும் நொதி கலந்த திரவம்), காய்ந்த கறையைக் காட்டும் யூவி டார்ச், சிறுநீரை உறிஞ்சிக்கொள்ள ஆண் நாய்க்கு இடுப்பில் கட்டும் பட்டை, அந்த இடத்துக்கு நாயை வரவிடாமல் தடுக்கும் ஸ்ப்ரே. முதல் இரண்டையும் தாராளமாக வாங்கலாம். மூன்றாவது சில நாட்களுக்குக் கைகொடுக்கும். நான்காவது வேண்டவே வேண்டாம்.

என்சைம் கிளீனரைப் பற்றி "வாங்கினேன், வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. பெரும்பாலும் பிழை மருந்தில் இல்லை, அளவில் இருக்கிறது. இருபது கிலோ நாய் ஒரு தடவை போனால் 100 முதல் 200 மில்லி வரை இருக்கும். ஸ்ப்ரே விசையை ஒரு தரம் அழுத்தினால் வருவது சுமார் ஒரு மில்லி. பத்து முறை அடித்துவிட்டுத் துடைத்தால் மேல்பூச்சு மட்டும்தான் போகும், ஊறி இறங்கியது அப்படியே இருக்கும். மூடியைக் கழற்றி ஊற்ற வேண்டும். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் மருந்தும் இறங்க வேண்டும், பரவிய எல்லையைத் தாண்டி நான்கு விரல் அகலமும் நனைய வேண்டும்.

முதலில் பழைய பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வெறும் தண்ணீரால் ஒரு தரம் அலசி, மறுபடி ஒற்றுங்கள். அப்புறம் மருந்து. டைல்ஸ் தரையில் குறைந்தது 15 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், காய்ந்துவிட்டால் என்சைம் வேலையை நிறுத்திவிடும். சோபா, மெத்தை, கார்பெட் என்றால் மேலே பிளாஸ்டிக் ஷீட் மூடி சில மணி நேரம் விட்டு, பிறகு நிழலில் தானாகக் காயவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, சூட்டில் என்சைம் கெட்டுப்போகும். முதல் நாள் வாடை கூடினால் பயப்பட வேண்டாம், யூரியா உடைந்து அம்மோனியா வெளியேறுகிறது. ஊறிய இலவம்பஞ்சு மெத்தைக்கு மட்டும் எந்தப் பாட்டிலும் பலிக்காது. பஞ்சை மாற்றுவதுதான் வழி.

நம் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு, முதலில் பினாயிலோ டெட்டாலோ ஊற்றித் துடைத்துவிட்டு அதன் மேல் என்சைம் ஊற்றுவது. கிருமிநாசினி மிச்சம் இருக்கும் இடத்தில் என்சைமும் அதிலுள்ள நல்ல பாக்டீரியாவும் செயலிழக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, காயவிட்டுப் பிறகு தொடங்குங்கள். பினாயில் வாசனை நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. அதே மூலைக்குத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான். கறுப்பு பினாயில் பட்ட காலை நாய் நக்கினால் உடம்புக்கும் கேடு. பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் குளோரமைன் வாயு கிளம்பும்.

அவசரத்துக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து டைல்ஸில் பயன்படுத்தலாம். ஆனால் மார்பிள், கடப்பா கல், மொசைக் தரையில் கூடாது. அமிலம் அந்தக் கல்லை அரித்துவிடும், மறுபடி பாலிஷ் போடாமல் பளபளப்பு திரும்ப வராது. டைல்ஸ் தரையிலும் வாடை தங்குவது டைல்ஸில் இல்லை, இடுக்குச் சிமெண்டில்தான். அங்கே மருந்தை ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் உள்ளே செலுத்துங்கள்.

வாங்கும்போது லேபிளில் என்சைம் அல்லது பாக்டீரியா என்ற சொல்லும் காலாவதி தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். வாசனைத் திரவியம் மட்டும் போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். "யூரிக் அமிலப் படிகத்தைக் கரைக்கும்" என்ற வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற, தண்ணீரில் எளிதில் கரையும் பொருளாக மாற்றித்தான் வெளியேற்றுகிறது. டால்மேஷியன் வளர்ப்பவர்கள் விதிவிலக்கு, அந்த இனத்துக்கு யூரிக் அமிலம் அதிகமாகவே வரும்.

யூவி டார்ச்சில் ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டர் உள்ளதை வாங்குங்கள். 395 மலிவு, ஆனால் அதன் ஊதா வெளிச்சமே கறையை மறைக்கும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சளாகத் தெரியும். சோப்புத்தூள் பட்ட துணியும் ஒளிரும், அதனால் மூக்கை வைத்து உறுதி செய்துகொண்டு சாக்பீஸால் எல்லை வரைந்துகொள்ளுங்கள். ஆண் நாய் என்றால் சோபா கால், திரைச்சீலையின் அடி ஓரம், கதவு நிலை ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

இடுப்புப் பட்டையை நனைந்த உடனே மாற்ற வேண்டும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே பட்டை கூடாது. தோல் வெந்துபோகும். காரணம் தெரிவதற்கு முன் கட்டவும் கூடாது. எவ்வளவு, எங்கே, என்ன நிறம் என்பதெல்லாம் பட்டைக்குள் மறைந்துவிடும். அவை டாக்டருக்கு வேண்டிய தகவல்கள். செங்குத்தான இடத்தில் கொஞ்சமாக அடித்தால் எல்லை குறிக்கிறது. அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் தொற்றோ கல்லோ இருக்கலாம். தூங்கிய இடம் நனைந்திருந்தால் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது, கருப்பை எடுத்த பெண் நாய்களில் இது சகஜம். நிறமே இல்லாமல் குளம் போல் தேங்கினால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குஷிங் நோய் (கார்டிசால் ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது) என்று யோசிக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாலும் இப்படி ஆகும். தண்ணீர்க் கிண்ணத்தை அளந்து வையுங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது கோளாறுதான்.

தடுப்பு ஸ்ப்ரேக்களில் எலுமிச்சை, காரம் என்று ஏதோ ஒரு நெடி. நாய் இரண்டடி தள்ளிப் போய்க் கழிக்கும். முட்டும் சிறுநீரை எந்த நெடியும் நிறுத்தாது.

டாக்டரின் பரிசோதனைக்குச் சிறுநீர் மாதிரி எடுக்கும்போது தரையிலிருந்து எடுக்காதீர்கள். கிளீனர் மிச்சம் கலந்தால் சோதனைப் பட்டை தவறான விடை காட்டும். காலையில் முதல் சிறுநீரை, கழுவிக் காய்ந்த கரண்டியில் பாதியில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைத்து, அப்படி வைத்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், குளிரில் படிகங்கள் தானாகத் தோன்றக்கூடும். ஆண் நாய் முக்கி முக்கியும் ஒரு சொட்டும் வராமல் நின்றால் மாதிரிக்குக் காத்திருக்கவே கூடாது, அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.