கழுத்து வலிக்கு 500 வெள்ளி: உருவலா, நாற்காலியா, பிசியோவா?

கோலாலம்பூரில் கணினி வேலை பார்ப்பவர் யாரிடமாவது கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஒரு யோசனை வரும். ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் போய் உருவிக்கொள்ள (மசாஜ் செய்துகொள்ள) சொல்வார். இன்னொருவர் ஷாப்பி இணையக் கடையில் விலை குறைந்திருக்கும் நாற்காலியைக் காட்டுவார். மேசையையே மாற்றச் சொல்பவரும் உண்டு. பிசியோதெரபி பக்கம் போகச் சொல்பவர் குறைவு. கையில் இருப்பது 500 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதற்குக் கொடுப்பது?

உருவல் உடனே சுகம் தரும், அதில் சந்தேகமே இல்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில், பார்வையற்றவர்கள் நடத்தும் உருவு நிலையங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. அவர்கள் விரல் பட்டதும் இறுகிய இடம் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தசை இறுகியதற்குக் காரணம், அசையாமல் மணிக்கணக்கில் தலையையும் கையையும் தாங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அதே இருக்கை, அதே குனிவு என்றால் வலியும் திரும்பிவிடும். தூங்கவே முடியாத வாரத்தில் உருவிக்கொள்ளுங்கள், நல்லது. மாதாமாதம் அதற்கே செலவழிப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. கோடாலித் தைலமும் ஒட்டும் பிளாஸ்திரியும் இதே கணக்குதான்.

நாற்காலி விஷயத்தில்தான் பணம் அதிகம் வீணாகிறது. ஆயிரம் வெள்ளி நாற்காலியில் உட்கார்ந்தாலும், முன்னால் இருப்பது மடிக்கணினி என்றால் கழுத்து குனியத்தான் செய்யும். திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்குச் சரியான உயரம் கண்ணுக்குத் தாழ்வாகிவிடுகிறது. அதனால் முதலில் மடிக்கணினிக்கு ஒரு தாங்கி, தனி விசைப்பலகை, தனி மவுஸ் வாங்குங்கள். மூன்றும் சேர்ந்து 200 வெள்ளிக்குள் முடியும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும், முழங்கை உடம்பை ஒட்டி இருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும். பழைய நாற்காலியின் உயரத்தை மாற்ற முடிந்தால் அதுவே போதும்.

கையைத் தாங்குவதும் முக்கியம். அலுவலக ஊழியர்கள் பற்றிய 15 ஆய்வுகளை 2018இல், மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. முன்கைக்குத் தாங்கல் கொடுத்து, வேறு வடிவ மவுஸும் கொடுத்தபோது கழுத்து, தோள் கோளாறு குறையலாம் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் கிடைத்தது. மற்ற சாதனங்களுக்கு அந்த அளவு உறுதி கிடைக்கவில்லை. நின்று வேலை செய்யும் மேசை சிலருக்கு இடுப்பு வலியைக் குறைக்கும். நாள் முழுக்க நின்றால் கால் வலிக்கும். 500 வெள்ளிக்காரருக்கு அது அவசரமில்லை.

இப்போது பிசியோவுக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான், காரணம் அங்கே சொல்லித்தரும் உடற்பயிற்சி. 2011இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில், கழுத்து தோள் வலி அடிக்கடி வரும் 198 அலுவலக ஊழியர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவு தினமும் 2 நிமிடம், இன்னொரு பிரிவு 12 நிமிடம், ரப்பர் பட்டையை இழுத்துக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தியது. வாரம் 5 நாள், மொத்தம் 10 வாரம். பயிற்சி செய்யாத பிரிவோடு ஒப்பிட்டால் இரண்டு பிரிவுக்குமே வலி குறைந்தது. இரண்டே நிமிடம்! எல்.ஆர்.டி. ரயில் நெரிசலில் வீடு திரும்பி, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அப்புறம் ஜிம்முக்குப் போக முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

பட்டை மலிவுதான். ஆனால் எந்த அசைவு உங்களுக்குச் சரி, எந்த அளவு இழுவை போதும் என்பதைத் தெரிந்தவர் ஒரு தடவையாவது பார்த்துச் சொல்ல வேண்டும். தனியார் பிசியோ ஒரு தடவைக்குப் பெரும்பாலும் நூறு வெள்ளியைத் தாண்டும். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். மருத்துவர் கடிதம் கொடுத்தால் அங்கிருந்து பிசியோவுக்குப் போகலாம், காத்திருக்கப் பொறுமை வேண்டும். கை மரத்துப்போவது, பிடிமானம் குறைவது, கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது போன்றவை இருந்தால் உருவலும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள். கடைசி இரண்டில் ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

ஆக, 200 வெள்ளி தாங்கிக்கும் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும், மீதி பிசியோவுக்கும் பட்டைக்கும். உண்மையில் அந்த 200 உங்கள் பையிலிருந்து போகவே கூடாது, முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அலுவலகங்களும் அதற்குள் வருகின்றன. ஆபத்து மதிப்பீடு செய்வது முதலாளியின் கடமை. 5 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள், எங்கே வலிக்கிறது, என்ன சாதனம் வேண்டும் என்று அவருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள்.