“பாப்பாவைக் குடுங்க, நீங்க சேர்ல உக்காருங்க”

கோவை வந்து மூன்றாம் நாள், காலை 7 மணி. நீச்சல் குளத்தின் ஓரத்தில் எட்டு மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். தண்ணீருக்குள் நிற்கும் பயிற்சியாளர் இரண்டு கையையும் நீட்டுகிறார். “பாப்பாவைக் குடுங்க, நீங்க அந்தச் சேர்ல உக்காருங்க.”

போனில் கேட்டபோது அம்மாவும் குழந்தையும் சேர்ந்து இறங்கும் வகுப்பு என்றுதான் சொன்னார்கள். அதை நம்பித்தான் நைலான் உடை, தலைக்குத் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தேன். பெண்கள் நேரம் என்பதால் என் கணவரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அது பரவாயில்லை, ஊர் வழக்கம் தெரிந்ததுதான். ஆனால் பெற்ற குழந்தையை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நான் எதற்கு நாற்காலியில் உட்கார வேண்டும்? அவருக்கு என் தயக்கம் விளங்கவில்லை. எனக்கு அவர் கேட்டதே விளங்கவில்லை. அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. அடுத்த விடுமுறைக்குக் கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் வசிக்கும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது முதல் வகுப்புக்குப் போனோம். அங்கே டீச்சர் குழந்தையைத் தொடவே இல்லை. ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு அக்குளுக்குக் கீழே எப்படித் தாங்குவது, மல்லாக்கப் போடும்போது தலையை எப்படி நம் தோளில் சாய்ப்பது என்று காட்டுவார். செய்ய வேண்டியது நாம். எட்டுக் குழந்தைகள், ஆளுக்கொரு அம்மாவோ அப்பாவோ, வட்டமாக நின்றோம். “தோள் தண்ணீருக்குள் இருக்கட்டும்” என்பதுதான் அவர் சொன்ன முதல் விஷயம். நாம் விறைப்பாக நின்றால் குழந்தை நம் கையில் தொங்கும், பயந்துவிடும். முட்டியை மடக்கித் தாழ்ந்தால் அதன் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதல் பத்து நிமிடம் சும்மா இப்படியும் அப்படியும் நடந்தோம், அவ்வளவுதான். பிறகு பாட்டு, ஒரு ரப்பர் வாத்தைப் பிடிக்கக் கை நீட்டுவது, விளிம்பைப் பற்றிக்கொள்வது. அரை மணி நேரத்தில் வகுப்பு முடிந்தது. பாதிக் குழந்தைகள் அழுதன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுத குழந்தையோடு ஓர் ஓரமாக நின்றுவிட்டுப் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

அந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். குழந்தையின் பெயரைச் சொல்லி, “ரெடி, கோ” என்று சொல்லி, ஒரு கப் தண்ணீரைத் தலையில் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே குரல். சில வாரங்களில் அந்தச் சொல் காதில் விழுந்ததுமே குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும். தண்ணீர் வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். இப்படி முன்கூட்டிச் சொல்லாமல் தண்ணீர் ஊற்ற அந்த டீச்சர் யாரையும் விடமாட்டார்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் கோவைக் குளத்துக்குப் போனேன். வீட்டுக் குளியலுக்கு வைத்திருக்கும் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 24 டிகிரி. கைக்குழந்தைகளுக்கு 32 டிகிரி இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் சொல்வார்கள். எட்டு டிகிரி நமக்குச் சிலுசிலுப்போடு போய்விடும். ஏழெட்டுக் கிலோ உடம்பு அதைத் தாங்காது. மார்கழிக் குளிர் விடாத காலைப் பொழுதில் திறந்தவெளிக் குளம் வேறு எப்படி இருக்கும்? அடுத்து, நீச்சலுக்கென்று வாங்கிவந்திருந்த டயப்பரையும் கழற்றச் சொன்னார்கள். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சிப் பானைபோல் உப்பிவிடும் என்பது உண்மைதான். நான் போட்டிருந்தது அப்படி உறிஞ்சாது. மூத்திரம் அதில் நிற்காது, மலத்தை மட்டும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். லீட்ஸில் அதன்மேல் தொடையை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் ஜட்டி ஒன்றும் போட்டால்தான் குளத்தில் இறங்கவே விடுவார்கள். இங்கே அம்மணமாக இறக்கச் சொல்கிறார்கள், அதே தண்ணீரில் பத்துப் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

“ஒண்ணுமில்லீங்க, ஒருக்கா முக்கி எடுத்தாப் போதும். அப்பறம் பயமே வராது. நாங்கெல்லாம் அப்படித்தானுங்க கத்துக்கிட்டோம்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னார். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, என் முதுகில் மிதக்கும் காய்ந்த சுரைக்குடுக்கையை, எங்கள் பேச்சில் சுரைப்புருடையை, கட்டி, பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கள் கைகொட்டிக் கத்த, மேல்படியிலிருந்து தள்ளிவிட்டார். பச்சைத் தண்ணீர் மூக்கில் ஏறியதும், சுரைப்புருடை என்னை மேலே இழுத்ததும், அப்புச்சி ஈர வேட்டியோடு அருகிலேயே நீந்தி வந்ததும் இன்றும் கண்முன் நிற்கின்றன. ஆனால் அப்போது எனக்கு ஏழு வயது. மூச்சைப் பிடி என்றால் பிடிக்கத் தெரியும். எட்டு மாதக் குழந்தைக்கு அது தெரியாது. முகத்தில் தண்ணீர் பட்டால் மூச்சுக் குழலைத் தானாக அடைத்துக்கொள்ளும் பிறவிக்குணம் ஆறு மாதம் வாக்கில் மங்கத் தொடங்கும். திரும்பத் திரும்ப முக்கினால் குழந்தை தண்ணீரை விழுங்கும். நிறைய விழுங்கினால் ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்புவரை போகலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நீச்சல் வகுப்பு மூழ்கிச் சாகும் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. அப்புறம் எதற்கு வகுப்பு என்றால், தண்ணீரோடு குழந்தை சிநேகமாவதற்கு, நாம் அதைச் சரியாகப் பிடிக்கப் பழகுவதற்கு. பயத்தைப் போக்குகிறேன் என்று முக்கி எடுப்பதற்கு அதில் இடமே கிடையாது.

பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு முடியாது என்று சொல்லிவிட்டேன். கட்டிய 500 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பணத்தைப் பற்றி என் கணவர் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கு அவருக்கு நன்றி.

வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் ஒரு கருத்து. தடுப்பூசி எல்லாம் முடியாமல் குளத்துக்குக் கூட்டிப்போகலாமா என்றார் பெரியம்மா. போகலாம், தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் எந்த வயதிலும் போகலாம் என்பது பிரிட்டன் அரசு மருத்துவத் துறையின் அறிவுரை. அதைச் சொன்னேன். “சீமைத் தண்ணி வேற, நம்மூருத் தண்ணி வேற கண்ணு” என்றார். குளோரின் ஒழுங்காகப் போடாத குளம் என்றால் அவர் சொல்வது சரிதான்.

அமுச்சி, அம்மாவின் அம்மா, மட்டும் எதுவும் சொல்லவில்லை. பாப்பாவுக்குத் தண்ணி வாக்கணும் என்று வீட்டுப் பின்புறப் பொடக்காலிக்கு எழுந்து போனார்.

எழுபத்தெட்டு வயதில் மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார். பாப்பாவைக் கெண்டைக்காலின்மேல் குப்புறப் போட்டார். அண்டாவில் கொதித்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்தார். நானும் வெப்பமானியை விட்டேன், 37. முதுகுக்குப் பாசிப்பயறு மாவு, பிறகு மெல்லப் புரட்டி மல்லாக்க. தலைக்கு ஊற்றும் முன் இடது கையைப் பாப்பாவின் நெற்றியில் குடைபோல் கவிழ்த்துக்கொண்டார். “சாமீ... தண்ணி வருதுங்... ஊத்திக்கலாமா?” ஒரு நொடி இடைவெளி. பிறகுதான் சொம்பு சாய்ந்தது. நாங்கள் வந்து இறங்கிய அன்றிலிருந்து தினமும் இதேதான், ஒரு சொல் மாறவில்லை. அன்றைக்குத்தான் கவனித்தேன். “தண்ணி வருதுங்” என்றதும் பாப்பா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். சொம்பு இன்னும் அந்தரத்தில் இருந்தது.

லீட்ஸில் நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்டதை அமுச்சி அறுபது வருஷமாக இந்தப் பொடக்காலியில் செய்துகொண்டிருக்கிறார். என்னையும் அம்மாவையும் அந்தக் காலில் போட்டுத்தான் குளிப்பாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊர் வீட்டுத் தண்ணீரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிறுவாணித் தண்ணீரின் ருசிக்கு ஈடு எந்த ஊரிலும் இல்லை, முதல் சொம்பு குடித்தபோதே வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று மனம் நிறைந்தது. ஆனால் சில நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் என்பதால் குடம், பக்கெட், அண்டா, தொட்டி எல்லாவற்றிலும் நிரப்பித் திறந்தே வைத்திருக்கிறோம். லீட்ஸ் வீட்டில் நிற்கும் தண்ணீர் என்று ஒரு கோப்பைகூடக் கிடையாது. தவழும் குழந்தை பக்கெட் விளிம்பைப் பிடித்து எழுந்து எட்டிப் பார்த்தால் தலைதான் முதலில் உள்ளே போகும், தானாக வெளியே வர அதற்குத் தெரியாது. உலகத்தில் நீரில் மூழ்கி இறப்பவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்று மாலையே குளியலறைக்கு வெளியில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடவைத்தேன். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். பரவாயில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு போன். அந்தக் குளத்தில் பெரிய பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண், கல்லூரி முடித்த வயதுதான் இருக்கும். அன்று ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். என் நம்பரைப் பதிவேட்டில் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். “அக்கா, மத்தியானம் மூணு மணிக்கு வாங்க, சின்னக் குளத்துல வெயில் நேரா விழுகும், தண்ணி காலைல மாதிரி இருக்காது. பாப்பாவை நீங்களே புடிச்சுக்கோங்க, நான் தொட மாட்டேன். எப்படிச் சொல்லித் தர்றாங்கன்னு எனக்கும் பாக்கணும்.”

போனோம். அமுச்சியும் வந்தார். சின்னக் குளத்தில் 29 டிகிரி. 32 இல்லை, அதனால் பத்து நிமிடம்தான் என்று முன்பே முடிவு செய்துகொண்டேன். பால் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டயப்பரைப் பற்றிச் சொன்னேன், கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “போட்டே இறக்குங்கக்கா” என்றார். முட்டியை மடக்கித் தோள்வரை தாழ்ந்தேன். அவரும் எதிரில் அதேபோல் தாழ்ந்தார். தண்ணீரைத் தட்டினோம், காலை உதைக்கவிட்டோம். பாப்பா என் தாடையை நக்கிக்கொண்டே குளம் முழுவதையும் பார்த்தாள்.

கப்பில் தண்ணீர் மொண்டு, “ரெடி...” என்று ஆரம்பித்தேன். படியில் உட்கார்ந்திருந்த அமுச்சி, சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, அங்கிருந்தே குரல் கொடுத்தார்: “சாமீ... தண்ணி வருதுங்...”

பாப்பா கண்ணை மூடினாள். நான் ஊற்றினேன். முகத்தைச் சுருக்கி, இமைத்து, வாயால் புர்ரென்று ஊதினாள். அழவில்லை.

ஒன்பதாவது நிமிடம் உதடு லேசாக வெளுத்ததுபோல் தோன்றியது. உடனே ஏறிவிட்டேன். லீட்ஸிலிருந்து கொண்டுவந்த தொப்பி வைத்த டவல் பையிலேயே கிடந்தது. அமுச்சி மடியில் வைத்திருந்த பழைய நூல் சேலைத் துண்டால் பாப்பாவைச் சுற்றி, தலையை இரண்டு முறை துவட்டி, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “பாட்டி, நெத்தியில கையை எப்படி வெச்சீங்க, இன்னொருக்கா காட்டுங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.