35 வாட் செனான் கிட்: பல்பு அருமை, வயரிங் படுமோசம்

கார் ஹெட்லைட்டில் ஹாலஜனுக்குப் பதிலாகப் போடும் இந்த எச்7 (பல்பின் வகை) கிட்டில் பல்பும், அதைப் பற்றவைத்து எரியவிடும் பாலஸ்ட்டும் தரமானவை. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணில் 4300கே வாங்குங்கள், 6000கே நீலமடிக்கும், வெளிச்சமும் குறையும்.

குறை முழுக்க வயரிங்கில்தான். பற்றவைக்கும் சில விநாடிகளில் பாலஸ்ட் இழுக்கும் கரண்ட், 55 வாட் ஹாலஜனுக்குத் தேவையான சுமார் 4.5 ஆம்பியரைத் தாண்டிவிடும். பழைய ஒயரில் அப்படியே செருகினால் வோல்டேஜ் இறங்கி ஒரு பக்கம் எரியாது. 40 ஆம்பியர் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போடுங்கள். அதன் கால்களில் எண் இருக்கும்: 30 பேட்டரிக்கு, நடுவில், பேட்டரியை ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ், 87 பாலஸ்ட்டுக்கு, 86 பழைய ஹெட்லைட் சாக்கெட்டுக்கு, 85 எர்த்துக்கு. கிட்டோடு வரும் எர்த் ஒயர் நூல் மாதிரி இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். தடித்த ஒயரை, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் முடுக்குங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அந்த இடத்தில் கிரீஸ் தடவியே ஆகவேண்டும்.

ரிலே கடகடவென்று அடித்து விளக்கு மினுக்கினால், கார் விட்டுவிட்டு வரும் துடிப்பு மின்சாரம் அனுப்புகிறது என்று பொருள். 85, 86க்கு இடையே 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் வையுங்கள். ப்ளஸ் மைனஸ் மாறக்கூடாது.

ஹாலஜனுக்கான ரிஃப்ளெக்டர் (ஒளியைப் பிரதிபலிக்கும் கிண்ணம்) ஹெட்லைட்டில் இதைப் போடவே போடாதீர்கள், எதிரே வருபவர் கண் கூசும். ஒளியை லென்ஸ் வழியே அனுப்பும் புரொஜெக்டர் இருந்தாலும், பணம் கட்டுமுன் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.