மஞ்சள் மார்க்கரா, வெற்றுத்தாளா?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் யாருடைய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையாவது வாங்கிப் புரட்டுங்கள். முக்கால்வாசி வரிகள் மஞ்சள் மார்க்கரில் மின்னும். கேட்டால், "நாலு ரிவிஷன் முடிச்சாச்சு" என்பார்கள். உழைப்பில் குறையில்லை. ஆனால் இந்த முறைக்கும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஞாபகம் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதிப் பார்க்கும் முறைக்கும் இருக்கும் தூரம் பலருக்கும் தெரிவதில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனை இதைத்தான் அளந்தது. ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு அமர்விலும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரே அமர்வில் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் கைதான் ஓங்கியிருந்தது: 83 சதவீதம், எதிரே 71. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை, ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் படித்த குழுவினர்தான். கண்ணுக்குப் பழகிய வரி மனதிலும் பதிந்துவிட்டதாகத் தோன்றும். அதுதான் மார்க்கர் செய்யும் மாயம்.

"கொடுத்திருக்கும் நாலு விடையில் ஒன்றைத் தேர்வதுதானே, பார்த்தால் தெரிந்துவிடும்" என்று ஒரு வாதம் உண்டு. சதாவதானி செய்குதம்பிப் பாவலர் பற்றிய பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு 1874, மறைவு 1950, சென்னை விக்டோரியா அரங்கத்தில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் செய்துகாட்டியது 1907. மூன்று ஆண்டுகளுக்குமே மஞ்சள் அடித்திருப்பீர்கள். சதாவதானம் செய்த ஆண்டு எது என்று கேட்டு இந்த மூன்றையும் விடைகளாகக் கொடுத்தால், மூன்றுமே தெரிந்த முகமாகத்தான் சிரிக்கும். புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவருக்கு, தான் தடுமாறுவது 1907-ல்தான் என்பது வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

சரி, எழுதிப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி, எப்போது? எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-ல் வெளியிட்டார். அவர் கணக்கில், முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விட்டது. ஒரு நாள் கழித்துத் திரும்பப் படித்தபோது முதல்முறை பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மிச்சப்படுத்த முடிந்தது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்த முடிந்தது. அதாவது சரிவு முதலில் செங்குத்து, அப்புறம் மெதுவாகிறது. ஆகவே ஒரே ராத்திரியில் நான்கு முறை எழுதிப் பார்ப்பதைவிட நாளை, மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று பிரிப்பதே லாபம்.

இந்த இடைவெளியை யார் கணக்கு வைப்பது? லைட்னர் என்பவர் 1970-களில் சொன்ன அட்டைப்பெட்டி முறையில் கேள்வி எழுதிய அட்டைகளை அறை அறையாகப் பிரித்து வைப்போம்; சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் முதல் அறைக்குத் திரும்பும். அடுத்தடுத்த அறைகளை இன்னும் அதிக நாள் இடைவெளி விட்டே எடுப்போம். பழைய செருப்புப் பெட்டி போதும். 'அங்கி' (Anki) என்ற செயலி இதையே தானாகச் செய்கிறது. சில நூறு அட்டைகள் என்றால் பெட்டிக்கே என் ஓட்டு. மொத்தப் பாடத்திட்டமும் என்றால் செயலிதான். ஆனால் யாரோ செய்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளாதீர்கள். எதைக் கேள்வியாக்குவது என்று யோசிக்கும்போதே பாதி படிப்பு நடந்துவிடுகிறது. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, அவ்வளவே.

தெரிந்த வீட்டின் அறை அறையாகச் செய்திகளை மனதில் வைத்துவிட்டு வரும் இடமுறையை நினைவாற்றல் போட்டிக்காரர்கள் கொண்டாடுவார்கள். காரணம் இருக்கிறது. 2017-ல் வந்த ஓர் ஆய்வில், 40 நாள் தினம் அரைமணி நேரம் பழகியவர்கள் 72 சொற்களில் சராசரியாக 26 சொன்ன நிலையிலிருந்து 62-க்கு ஏறினார்கள். ஆனால் அது வரிசைப் பட்டியலுக்கான ஆயுதம். பட்டியலுக்கு நம்மிடம் யாப்பே இருக்கிறது. "நற்றிணை நல்ல குறுந்தொகை" என்று தொடங்கும் வெண்பா எட்டுத்தொகை நூல்களைச் சுலபமாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஆனால் ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் யார் என்று கேட்டால் வெண்பா வாய் திறக்காது. கூடலூர் கிழாருக்குத் தனி அட்டைதான் வேண்டும். கோச்சிங் நோட்டுகளில் வரும் ஷார்ட்கட்களுக்கும் இதே எல்லைதான்.

கணக்குப் பகுதியின் 25 கேள்விகளுக்கு மட்டும் இவை எதுவும் நேரடியாக உதவாது. அங்கே தனிவட்டியில் இருபது, அப்புறம் கூட்டுவட்டியில் இருபது என்று அடுக்கிப் போடாமல் இரண்டையும் கலந்து போடுங்கள். எந்தச் சூத்திரம் என்று தலைப்பு சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்த முடிவெடுக்கும் பயிற்சியே கிடைக்காது. தேர்வில் கணக்குகள் தலைப்போடு வருவதில்லை.