5000னு ஒட்டி வித்த 3000: பேட்டரி மாத்தப் போறவங்க கவனத்துக்கு

அப்பா மதுரையில ஆட்டோ ஓட்டுறாரு. பாதிக்கு மேல சவாரி ஃபோன் ஆப்புலதான் வரும். மூணு வருஷத்து ஃபோன், மத்தியானம் ரெண்டு மணிக்கே அணைஞ்சு போக ஆரம்பிச்சிருச்சு. பங்குனியில பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில பேட்டரி மாத்திட்டு வந்தாரு. "கம்பெனி ஒரிஜினல்ணே, 5000 எம்ஏஎச், ஆறு மாசம் கேரண்டி"ன்னு 1,400 ரூபாய் வாங்கியிருக்காங்க. எம்ஏஎச்ங்கிறது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு. ஃபோனை உள்ரூமுக்குக் கொண்டு போய் அரை மணி நேரத்துல திருப்பிக் கொடுத்திருக்காங்க. பழைய பேட்டரியைத் தரல. பில்லும் இல்ல, ஒரு அட்டையில தேதி மட்டும் எழுதியிருந்துச்சு.

மூணு வாரம் ஓடுச்சு. அப்புறம் 40 சதவீதம் காட்டிட்டு இருக்கும்போதே திடீர்னு 11க்கு விழும், அணைஞ்சிடும். ரெண்டு மாசம் கழிச்சு நான் ஊருக்குப் போனப்போ பார்க்குறேன், ஃபோனைச் சுத்தி ரெண்டு ரப்பர் பேண்டு. "பின்பக்கம் பசை விட்டுருச்சும்மா"ங்கிறாரு. பசை விடல. பேட்டரி உப்பி மூடியைத் தள்ளியிருக்கு. அதைத்தான் சட்டைப் பையில, நெஞ்சுக்கு நேரா வச்சுக்கிட்டு ஓட்டியிருக்காரு. எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல திறந்து எடுத்த பொண்ணு லேபிளைக் காட்டினாங்க. 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட், 11.55 வாட் ஹவர். "பெருக்கிப் பாருங்க"ன்னாங்க. எம்ஏஎச்சை வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வாட் ஹவர், அதாவது பேட்டரியில அடங்குற மொத்த மின்சக்தி, வரணும். 5000க்கு 19.25 வரணும். 11.55ன்னா அது வெறும் 3000 எம்ஏஎச். ஒரு எண்ணை மாத்தி அச்சடிச்சவங்க இன்னொண்ணை மாத்தாம விட்டிருக்காங்க.

கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டா, "வெயில்ல வச்சிருப்பீங்க, அதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது"ங்கிறாரு. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாதுங்கிறது உண்மைதான். கண்ணாடி ஓரத்து ஸ்டாண்டுல, உச்சி வெயில்ல, மேப்பும் ஓடிக்கிட்டு, சார்ஜும் ஏறிக்கிட்டு இருந்த ஃபோன் அது. முதல் பேட்டரி சீக்கிரம் தேஞ்சதுக்கு அதுவும் காரணமா இருக்கும். ஆனா 3000த்தை 5000னு வித்ததுக்கு வெயில் என்ன பண்ணும்?

வெளிக்கடையில மாத்துறதா இருந்தா, போடுறதுக்கு முன்னாடியே பேட்டரியைக் கையில வாங்கி அந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்க. லேபிள்ல பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, ஐஎஸ் 16046ங்கிற பேட்டரி பாதுகாப்புத் தர எண், ஆர்னு தொடங்கி எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கணும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்புல போட்டா யாரோட பதிவுன்னு தெரிஞ்சிடும். கண் முன்னாடியே மாத்தச் சொல்லுங்க. கடைப் பேரோட பில் வாங்குங்க. நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் சொல்லணும்னா அந்தப் பில்தான் கைகொடுக்கும். எங்ககிட்ட இருந்த அட்டையில கடைப் பேர்கூட இல்ல.

சர்வீஸ் சென்டர்ல 1,900 ஆச்சு. இப்ப அப்பா ஸ்டாண்டை வெயில் படாத பக்கம் கீழே இறக்கி வச்சுட்டாரு. ராத்திரி முழுக்க சார்ஜ்ல விடுறதில்ல. 20க்குக் கீழே இறங்கவும் விடுறதில்ல, 80, 85 வந்ததும் எடுத்துடுறாரு. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் தாங்குது.

இந்த ஒரு வருஷத்துல வெளியில பேட்டரி மாத்தினவங்க, இன்னைக்கே ஃபோன் உறையைக் கழட்டிட்டு மூடி ஓரமா நகத்தை ஓட்டிப் பாருங்க. எங்கேயாவது நகம் உள்ளே இறங்கினா சார்ஜ்ல போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க, குப்பையிலயும் போடாதீங்க. அணைச்சு, துணி காகிதம் எதுவும் பக்கத்துல இல்லாத இடத்துல வச்சு, காலையில நேரா சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க.